சுமை ஏறும்போது தெரியும் எர்த் பழுது

செல்ஃப் சரியாகச் சுற்றவில்லை என்று பணிமனைக்கு வரும் கார்களில் பல, வேறெங்கோ புது பேட்டரியும் சில வேளைகளில் புது செல்ஃப் மோட்டாரும் மாற்றப்பட்ட பிறகே எங்களிடம் வந்து சேர்கின்றன. பாசிட்டிவ் ஒயரையும் ஃபியூஸையும் ரிலேயையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பவர்கள், அதே அளவு மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய எர்த் வழியை (எஞ்சின், பாடி உலோகமும் அவற்றைப் பேட்டரியின் நெகட்டிவோடு இணைக்கும் ஒயர்களும்) கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். அவர்களை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. பழுதான எர்த் ஒயர்கூடப் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும்.

ஓமில் இருக்கும்போது மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஒயருக்குள் ஓரிரு இழைகள் அறுபடாமல் மிஞ்சியிருந்தாலே அதற்குப் போதும். செல்ஃப் சுற்றும்போதோ 150 ஆம்பியர் அளவுக்கு ஓட வேண்டியிருக்கிறது, இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலும் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். ஆகவே மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலும் (அதைக் கவ்வும் கிளிப்பில் அல்ல), மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் பிடித்துக்கொண்டு, உதவியாளரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 0.5ஐத் தாண்டினால், மறுமுனையை போல்ட், லக் (ஒயர் முனையின் வளையம்), கிளிப் எனப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தால், அளவு சட்டென்று இறங்கும் இடத்தில் பழுது அகப்பட்டுவிடும்.

எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதையும் பாடியையும் ஒரு பின்னல் பட்டையோ தடித்த ஒயரோ இணைத்தாக வேண்டும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியவர்கள் அதை மாட்டாமல் விட்டால், மின்சாரம் கிளட்ச் கேபிள் போன்ற, கிடைத்த உலோக வழியில் திரும்பி அதைச் சூடாக்கும். ஒரு பழைய காரில் கிளட்ச் கேபிளின் உறை உள்ளே உருகி, கம்பி அதோடு ஒட்டிக்கிடந்தது. புதிதாகப் போட்ட கேபிளும் அப்படியே ஆனபோது, மட்டமான சரக்கு என்று உதிரிபாகக் கடைக்காரர்மீது உரிமையாளர் கோபப்பட்டார். கியர்பாக்ஸுக்கு மேலே பட்டை இல்லாமல் வெறும் போல்ட் மட்டும் இருந்ததை யாரும் கவனித்திருக்கவில்லை.

சென்னையில் கடற்கரையை ஒட்டி நிறுத்தப்படும் வண்டிகளில் உப்புக் காற்றால் இந்த இணைப்புகள் சீக்கிரமே பூத்துவிடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்களிலோ, இருக்கைக்கடியில் கார்ப்பெட் மறைத்திருந்த எர்த் போல்ட்டுகள் சத்தமில்லாமல் துருவேறின. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதென்றால், முதலில் பின்விளக்கின் எர்த்தைப் பார்க்கலாம்.

சீர்செய்யும்போது பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெறும் உலோகத்தை வெளிக்கொண்டுவந்து, லக்கை அதன்மேல் நேராகப் பதித்து இறுக்கிய பிறகே, ஈரம் புகாதபடி மேலே பெட்ரோலியம் ஜெல்லியோ பெயிண்டோ பூச வேண்டும். தகரத்தில் துளையிட்டு முடுக்கும் சாதாரண ஸ்க்ரூவை எர்த்துக்கு நான் அனுமதிப்பதில்லை; அதிர்வில் தளர்ந்துவிடுகிறது. நெகட்டிவ் கம்பத்தில், போய்வரும் மின்னோட்டத்தை அளக்கும் பேட்டரி சென்சார் உள்ள புதிய கார்களில், பாட்டுக்காகப் பொருத்தும் ஆம்பிளிஃபயரின் எர்த்தை நேரே அந்தக் கம்பத்தில் மாட்டினால், அந்த மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் வராது. ஆகவே தயாரிப்பாளர் காட்டியிருக்கும் பாடி எர்த் போல்ட்டிலேயே அதைக் கொடுக்க வேண்டும்.