சிவப்புக் கோடு போட்ட வேனில் சிதி பூசிதுக்கு

துனிசியாவின் தலைநகர் துனிஸில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'மாஃபம்மாஷ்'. 'இல்லை' என்று அர்த்தம். சின்ன வயதில் மதரசாவில் ஓதிய அரபி அங்கே எதற்கும் உதவவில்லை. காரைக்கால் பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட பிரெஞ்சுதான் கைகொடுத்தது. 2022 டிசம்பர் நடுவில் ஒரு காலை, ஹபீப் பூர்கிபா அவென்யூவில் ஒரு காபிக்கடை. பால் காபிக்கு அங்கே 'டைரெக்ட்' என்று பெயர். கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "ஹலீப் மாஃபம்மாஷ்" என்றார். பால் இல்லை. அந்த மாதங்களில் சர்க்கரை, சமையல் எண்ணெய், காபித்தூள் என்று ஒவ்வொன்றாகக் கடைகளிலிருந்து காணாமல் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. அன்றைக்குப் பாலின் முறை. கறுப்புக் காபியைக் குடித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் பார்த்தேன். முள்கம்பிச் சுருளுக்குப் பின்னால் உள்துறை அமைச்சகம். 2011 ஜனவரி 14 அன்று இந்தக் கட்டடத்தின் முன்னால்தான் ஜனங்கள் 'தெகாஷ்!', அதாவது 'ஓடிப் போ!' என்று கத்தினார்கள். அன்று சாயங்காலமே ஜனாதிபதி பென் அலி சவூதிக்கு விமானம் ஏறிவிட்டார். 23 வருட ஆட்சி அதோடு முடிந்தது.

நான் கிளம்பும்போதே ஊர் நண்பர்கள் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அரபு வசந்தம் பிறந்த நாட்டில், இஸ்லாமியக் கட்சி ஒன்று ஓட்டு வாங்கி ஆட்சிக்கே வந்ததே, அது ஏன் நிலைக்காமல் போயிற்று? எங்கள் வட்டத்தில் ராஷித் கன்னூஷியின் பெயர் தெரியாதவர்கள் குறைவு. லண்டனில் 20 வருடம்போல் நாடு கடந்து வாழ்ந்தவர், 2011 ஜனவரி 30 அன்று திரும்பியபோது விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்த அக்டோபரில் நடந்த தேர்தலில் அவருடைய அந்நஹ்தா கட்சிக்கு 217 இடங்களில் 89. ஷரீஅத்தை அரசியல் சட்டத்தில் எழுதுவோமா என்ற சண்டையில் அவர்களே இறங்கி வந்தார்கள். 2013இல் இடதுசாரித் தலைவர்கள் இரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டு நாடே கொதித்தபோது, தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் வக்கீல்களும் மனித உரிமைக் கழகமும் சேர்ந்து பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டு வந்தார்கள். அந்த நால்வர் அணிக்குத்தான் 2015இல் நோபல் பரிசு. அந்நஹ்தா 2014 ஜனவரியில் ஆட்சியை விட்டு எழுந்து போனது. 2016 மாநாட்டில், மதப் பிரசாரம் வேறு, அரசியல் வேறு, இனி நாங்கள் 'முஸ்லிம் ஜனநாயகவாதிகள்' என்று அறிவித்தார்கள். புத்தகத்தில் படிக்கும்போது இதெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

மதியம் மதீனா எனப்படும் பழைய நகரத்தில், ஸைத்தூனா பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் லப்லாபி சாப்பிட்டேன். ஒரு மண்கோப்பையும் பழைய ரொட்டியும் கையில் கொடுத்துவிடுவார்கள். ரொட்டியை நாமேதான் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட வேண்டும். நான் பெரிதாகப் பிய்த்தேன் என்று பக்கத்தில் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "யா வல்தி, இப்படியில்லை" என்று கோப்பையை வாங்கித் தாமே பிய்த்துக் கொடுத்தார். மகனே என்று கூப்பிட்டவரை என்ன சொல்வது? அதன்மேல் கொண்டைக்கடலைச் சாறு, சீரகம், ஹரீஸா மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய், அரைவேக்காட்டு முட்டை. அந்த நீளரொட்டியின் விலை 190 மில்லிம், நம் காசில் ஐந்து ரூபாய் சொச்சம். மானிய விலை. அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பது ஆள்பவர்களுக்குத் தெரியும். 1984 ஜனவரியில் ரொட்டி விலையை ஏற்றி, ஊரே எரிந்து, அப்போதைய ஜனாதிபதி பூர்கிபா தொலைக்காட்சியில் வந்து விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றார். நான் போன சமயம் சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப்பிடம் 190 கோடி டாலர் கடன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மானியத்தை வெட்டுவதும் அந்தப் பேச்சில் ஒன்று. அந்நஹ்தா பற்றிப் பெரியவரிடம் மெல்லக் கேட்டேன். "அவர்களும் இதே ரொட்டிக்குத்தான் கடன் வாங்கினார்கள்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வழித்தார்.

மறுநாள் மோன்செஃப் பே நிலையத்திலிருந்து, புரட்சி தொடங்கிய ஊரான சிதி பூசிதுக்கு லுவாஜ் பிடித்தேன். லுவாஜ் என்பது நம் ஊர் ஷேர் வேன் மாதிரி. வெள்ளை வேன், பக்கவாட்டில் கோடு. சிவப்புக் கோடு என்றால் தூர மாகாணங்களுக்குப் போகும். நீலமும் மஞ்சளும் பக்கத்து ஊர்களுக்கு. எட்டுப் பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். ஏழு பேரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எட்டாவது ஆளாக ஒரு பெண் வந்தார். வேதியியலில் முதுகலை, வேலை கால் சென்டரில். ஆலிவ் பறிப்புக்கு ஊருக்குப் போகிறாராம். "நாளைக்கு ஓட்டுப் போடவா?" என்றேன். வேன் முழுக்கச் சிரித்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கூயா, ஓட்டுக்காக யாராவது இவ்வளவு சார்ஜ் கொடுப்பார்களா?" என்றார்.

தலைநகரை விட்டு உள்ளே போகப் போக வழியில் ஆலைகள் குறைந்துகொண்டே வந்தன. இது நம் கண்ணுக்கு மட்டும் படுகிற விஷயம் இல்லை. 1972 சட்டத்தில் ஏற்றுமதி ஆலைகளுக்கு வரிச்சலுகை கொடுத்தபோது அவை துறைமுகத்தை ஒட்டியே முளைத்தன. சுற்றுலா விடுதிகளும் கடற்கரையில். உள்நாட்டுக்குக் கிடைத்தது கோதுமை, ஆலிவ், காய்கறி, பாஸ்பேட் பாறை. போதாக்குறைக்குப் பென் அலி குடும்பமும் மாமனார் வீட்டாரும் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தோடு தொடர்புள்ள 220 நிறுவனங்கள் நாட்டின் தனியார் துறை லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அள்ளிக்கொண்டிருந்தன என்று உலக வங்கி 2014இல் கணக்குக் காட்டியது. அதே வங்கிதான் பென் அலி காலத்தில் துனிசியாவை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வேனில் அந்தப் பெண் சொன்னது: "குடும்பம் போய்விட்டது. லைசென்ஸ், பர்மிட், வங்கிக் கடன் எல்லாம் யார் யாருக்கு உண்டு என்கிற பட்டியல் போகவில்லை." 2017இல் பழைய ஆட்சியின் அதிகாரிகளுக்கு மன்னிப்பு அளிக்கும் சட்டம் வந்தபோது, 'மானிஷ் முசாமிஹ்', அதாவது 'நான் மன்னிக்கமாட்டேன்' என்று தெருவில் இறங்கிய இளைஞர்களில் அவரும் ஒருவர். அந்தச் சட்டம் நிறைவேறும்போது பழைய ஆட்சிக்காரர்களோடு அந்நஹ்தாவும் கூட்டணியில் உட்கார்ந்திருந்தது. அவருடைய மாமா ஒருவர் அந்நஹ்தாக்காரர், பென் அலி காலத்தில் சிறையில் இருந்தவர். மாமாவோடு பேச்சுவார்த்தை நின்றது அன்றிலிருந்துதானாம். தொழுகையைப் பற்றியோ ஹிஜாபைப் பற்றியோ அவர்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

சிதி பூசித் சின்ன ஊர்தான். தபால் நிலையச் சுவரில் முகம்மது பூவஸீஸியின் பெரிய படம். எதிரே கல்லில் செதுக்கிய தள்ளுவண்டி. 2010 டிசம்பர் 17 அன்று தராசைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று முறையிடப் போய், கேட்க ஆளில்லாமல், மாகாண அலுவலகத்தின் முன்னால் அந்தக் காய்கறி வியாபாரி தீ வைத்துக்கொண்டார். தொலைக்காட்சிகள் அதைத் தனி மனிதத் துயரமாகக் காட்டின. ஆனால் அதே வருடக் கோடையில் பக்கத்து ரெகேப்பில் வங்கிக் கடனில் நிலம் போன விவசாயிகள் போராடியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தராசு ஒரு சாக்குதான் என்று புரியும். அவர் படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் சைக்கிளில் வந்து, "எடு, எடு, இவனால்தான் எல்லாம் விலை ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். முதலில் வருத்தமாக இருந்தது. அப்புறம் இரண்டு மூன்று பேர் அதையே சொன்னதும் பழகிவிட்டது.

நான் அங்கே நின்றது சரியாக 2022 டிசம்பர் 17. ஜனாதிபதி கைஸ் சயீத் அந்தத் தேதியைத்தான் நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார். 2021 ஜூலை 25இல் நாடாளுமன்றத்தை முடக்கியவர், மறு வருடம் அதே தேதியில் புது அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பும் நடத்தினார். புரட்சி நாளையும் ஜனவரி 14இலிருந்து டிசம்பர் 17க்கு மாற்றியிருந்தார். தலைநகரத்துக்காரர்கள் திருடிக்கொண்ட புரட்சியை உள்நாட்டு மக்களுக்கே திருப்பிக் கொடுக்கிறாராம். ஆரம்பத்தில் இந்தப் பேச்சு இங்கே நன்றாகவே எடுபட்டது. நாடாளுமன்றத்தை மூடியபோது தெருவில் ஹாரன் அடித்துக் கொண்டாடினேன் என்று விடுதிக்காரரே என்னிடம் சொன்னார். சரி, இப்போது? வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனேன். வாசலில் இரண்டு ராணுவ வீரர்கள், ஒரு பூனை. பெரிய கட்சிகள் புறக்கணித்திருந்தன. வேட்பாளர்கள் கட்சிப் பெயரில்லாமல் தனித்தனியாக நிற்க வேண்டும் என்பது விதி.

நாலு மணிக்கு ஊர் எங்கே போயிற்று என்று தெரிந்தது. கத்தார் உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்கு மொரோக்கோவும் குரோஷியாவும் மோதிக்கொண்டிருந்தன. காபிக்கடையில் நிற்க இடமில்லை. இரண்டு வாரம் முன்னால் துனிசியா பிரான்ஸை 1-0 என்று வென்றும் வெளியேறியிருந்தது. அதனால் இப்போது மொரோக்கோதான் எல்லாருக்கும் சொந்த அணி. மொரோக்கோ கோல் போட்டதும் யாரோ என் காபியைத் தட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டார். 2-1 என்று தோற்றார்கள். அன்று நாடு முழுக்க ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான் என்று பின்னால் தெரிந்தது.

ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு கஃப்ஸா வழியாக, பாஸ்பேட் சுரங்க ஊரான மெத்லாவி போனேன். பயணத்தின் உண்மையான காரணம் அதுதான். எங்கள் வாப்பாவுக்கு உரக்கடை. டிஏபி உர மூட்டைக்குள்தான் நான் வளர்ந்தேன் என்று சொல்லலாம். அந்த மூட்டைக்கு வேண்டிய பாஸ்பாரிக் அமிலத்துக்குப் பாஸ்பேட் பாறை இந்த மலைகளிலிருந்தும் வருகிறது. சென்னை முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் நிறுவனமும் குஜராத் அரசின் உர நிறுவனமும் துனிசிய அரசு நிறுவனங்களோடு சேர்ந்து ஸ்கிராவில் அமில ஆலையே வைத்திருக்கிறார்கள். 1885இல் ஒரு பிரெஞ்சு கால்நடை மருத்துவர் கண்ட பாறை, 1897இல் அதை வெட்டியெடுக்க ஒரு கம்பெனி. ஊர் முழுக்கச் சாம்பல் நிறம். வேலி, துணிக்கொடி, ஈச்சமர ஓலை எல்லாவற்றின் மேலும் மாவு தூவியது போல் பொடி.

இங்கே ஒரு குடும்பம் தலையெடுக்க வேண்டுமென்றால் கம்பெனியில் ஒருவருக்கு வேலை வேண்டும். இயந்திரங்கள் வந்து ஆள் குறைந்தபின் அது லாட்டரி ஆகிவிட்டது. 2008 ஜனவரி 5 அன்று வெளியான வேலைப்பட்டியலில் வேண்டியவர்கள் பெயர்தான் இருந்தது என்று பக்கத்து ரெதெயெஃபில் வெடித்த போராட்டம் ஆறு மாதம் நீடித்தது. பென் அலி துப்பாக்கியால் அடக்கினார். புரட்சிக்குப் பின் வந்த அரசுகள் வேறு வழி கண்டுபிடித்தன. 'சுற்றுச்சூழல், மரம் நடல்' என்ற பெயரில் துணைக் கம்பெனிகள் ஆரம்பித்துப் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் பார்த்தவரை மரம் அதிகமில்லை. கிடைக்காதவர்கள் தண்டவாளத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள், ரயில் நின்றுவிடும். 2010இல் 80 லட்சம் டன் எடுத்த இடத்தில் சில வருடங்கள் 30 லட்சம்கூட எட்டவில்லை. அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்த வருடங்களிலும் கதை இதுதான். யார் ஆண்டாலும் இந்தத் தண்டவாளத்துக்கு வந்துதான் முட்டிக்கொண்டார்கள்.

19ஆம் தேதி, மெத்லாவியில் கோழி சுடும் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது டிவியில் அலீ லரயீத் படம். அந்நஹ்தாவின் துணைத் தலைவர், முன்னாள் பிரதமர். சிரியாப் போருக்கு ஆள் அனுப்பிய வழக்கில் கைது. அவர் கதையை நினைத்தால் எனக்குத் தலை சுற்றும். பென் அலி சிறையில் 15 வருடம்போல், அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. புரட்சி வந்ததும் உள்துறை அமைச்சர். அந்தப் பதவியில் அவர் இருந்தபோது, 2012 நவம்பரில், சிலியானாவில் வேலை கேட்டு ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சில்லுக்குண்டு சுட்டுப் பலருக்குக் கண் போனது. இப்போது மறுபடியும் அதே சிறைக் கம்பி. இதை நான் அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். சிலியானாவுக்காக அவரை யாரும் பிடிக்கவில்லையே. கன்னூஷியையும் நாலு மாதம் கழித்து, 2023 ஏப்ரலில், அழைத்துப் போனார்கள். கோழிக்கடையில் ஒருவரும் டிவியை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் சேனலை மாற்றச் சொன்னார்.

ராத்திரி வாப்பாவுக்குப் போன் போட்டேன். பாறையைப் பார்த்தேன், பொடியைத் தொட்டேன், செருப்பெல்லாம் சாம்பலாகிவிட்டது என்று மூச்சு விடாமல் சொன்னேன். ரயில் மறியல், லாட்டரி வேலை, ஐஎம்எஃப் கூட்டம் தள்ளிப்போன சேதி வரைக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி. சம்பா பயிருக்கு உரம் கேட்டு ஆள் வந்து நிக்கிது. மூட்டை எப்ப வரும்னு அங்க யார்கிட்டயாவது கேட்டியா?"