“எத்தனை சோர்ஸ் வேணும், மிஸ்?”

மேல்நிலை வகுப்பில் ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரையை அறிவித்ததும் முதலில் வரும் கேள்வி இதுதான். தலைப்பைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், எப்படித் தேடுவது என்றும் கேட்க மாட்டார்கள். எத்தனை சோர்ஸ், எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள் என்பதுதான் கேள்வி. ஐந்து என்றால் ஐந்து வரும், எட்டு என்றால் எட்டு வரும். கடைசிப் பக்கத்தில் அகரவரிசையில் ஒழுங்காக அடுக்கியும் இருக்கும். ஆனால் அந்த எட்டில் ஒன்றாவது, மாணவர் மனத்தில் வைத்துக்கொண்டு வந்த கருத்தைக் கொஞ்சமாவது அசைத்ததா என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. முதல் நாள் என்ன நினைத்தார்களோ அதையேதான் கடைசி நாளும் எழுதியிருப்பார்கள். நடுவில் படித்ததெல்லாம் அதற்கு ஒத்து ஊதத் தேடிப் பிடித்தவை.

இந்தக் கட்டுரையைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இப்போது ஒரு கட்டுரையைத் திருத்த எடுத்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: படித்த ஏதோ ஒன்று இந்தப் பிள்ளையின் வாதத்தை எந்த இடத்தில் திருப்பியிருக்கிறது? அப்படி ஓர் இடம் இருந்தால், ஆங்கிலம் சற்றுத் தடுமாறினாலும் அது ஆராய்ச்சிக் கட்டுரைதான். இல்லாவிட்டால், மொழி எவ்வளவு சரளமாக இருந்தாலும் அது கருத்துரை மட்டுமே.

ஒரு மாணவியின் கட்டுரையைச் சொன்னால் விளங்கும். வகுப்பறையில் மடிக்கணினியைத் தடை செய்ய வேண்டும் என்பது அவள் எடுத்த வாதம். கையால் குறிப்பெடுப்பதே சிறந்தது என்று அறிவியல் நிரூபித்துவிட்டது என முதல் பத்தியிலேயே எழுதியிருந்தாள். ஆதாரம் ஒரு செய்தித் தளம். அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, “இத எழுதின நிருபருக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன். செய்தியில் இருந்த லிங்க்கை அழுத்தினால் அது வேறொரு வலைப்பதிவுக்குப் போனது. அங்கிருந்து இன்னொன்று. அதற்குப் பிறகுதான் மூலக் கட்டுரை கிடைத்தது: முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014-இல் ‘சைக்கலாஜிக்கல் சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது.

ஆய்வுச் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், சோதனை எப்படி நடந்தது என்ற பகுதியையும் சேர்ந்து படித்தோம். கல்லூரி மாணவர்களுக்கு உரைகளைக் காட்டி, சிலரைக் கையாலும் சிலரை மடிக்கணினியிலும் குறிப்பெடுக்கச் சொல்லி, பிறகு கேள்வி கேட்டிருக்கிறார்கள். முதல் சோதனையில், தகவலை அப்படியே கேட்ட கேள்விகளில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கருத்தைப் புரிந்துகொண்டு விடை சொல்ல வேண்டிய கேள்விகளில்தான் மடிக்கணினிக்காரர்கள் பின்தங்கினார்கள். கேட்டதைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்ததே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். செய்தித் தளத்தில் இந்த நுணுக்கம் எதுவும் இல்லை. “அப்போ ‘எல்லாத்துலயும் சிறந்தது’ன்னு எழுதக் கூடாதுல்ல மிஸ்?” என்று அவளே கேட்டாள். அந்தக் கேள்வி வந்த பிறகு எனக்கு அங்கே பெரிதாக வேலை இருக்கவில்லை.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, அதை யார் யார் பின்னால் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியலுக்கு ஓர் இணைப்பு இருக்கும். மாணவர்கள் அதைத் தொடுவதே இல்லை. எனக்கோ அந்தப் பக்கத்திலேயே மிகவும் பயனுள்ள இணைப்பு அதுதான், ஏனென்றால் ஓர் ஆய்வுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை அது காட்டும். அவளை அங்கே தேடச் சொல்லி அனுப்பினேன். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று அதே சோதனையைத் திரும்பச் செய்து, 2021-இல் அதே இதழில் வெளியிட்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். மடிக்கணினியில் எழுதியவர்கள் அதிகச் சொற்கள் எழுதினார்கள், சொல்லுக்குச் சொல் எழுதினார்கள் என்பதெல்லாம் இந்த முறையும் அப்படியே வந்தது. கையால் எழுதியவர்கள் தேர்வில் முந்தினார்கள் என்பது மட்டும் வரவில்லை.

முகம் வாடிப்போய் வந்தாள். “என் டாபிக்கே போச்சு மிஸ்.”

“டாபிக் போகலம்மா. ‘தடை’, ‘நிரூபிச்சிடுச்சு’ன்னு ரெண்டு சொல்லுதான் போச்சு. மிச்சம் என்ன இருக்குன்னு பாரு.”

மிச்சம் நிறையவே இருந்தது. கனடாவில் செய்யப்பட்டு 2013-இல் வெளியான வேறோர் ஆய்வு அவளுக்குக் கிடைத்தது. வகுப்பு நடக்கும்போது மடிக்கணினியில் வேறு வேலைகளும் பார்த்தவர்கள் தேர்வில் 11 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். அதைவிட முக்கியம், கையால் எழுதிக்கொண்டிருந்தும், அடுத்தவர் திரை கண்ணில் படும்படி உட்கார வைக்கப்பட்டவர்கள் 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். அவளுடைய வாதம் இப்போது வேறு இடத்தில் போய் நின்றது. கையெழுத்து உயர்ந்தது என்பதற்காக அல்ல, பக்கத்தில் இருப்பவரின் கவனம் கெடுகிறது என்பதற்காக, ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் திரையை மூடி வைக்கச் சொல்வது நியாயம் என்று எழுதினாள். சோதனையில் இருந்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது என்பதையும் தானாகவே சேர்த்திருந்தாள். முதல் டிராஃப்டில் இருந்த வாதத்தைவிட இது சிறியது. ஆனால் யார் தட்டினாலும் விழாது.

வாதம் சிறுத்துவிட்டால் மதிப்பெண் குறைந்துவிடும் என்ற பயம் பிள்ளைகளிடம் ஆழமாக இருக்கிறது. பட்டிமன்றப் பேச்சில் ஊறிய பழக்கமாகவும் இருக்கலாம். அங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு புள்ளி விட்டுக்கொடுத்தால் தோல்வி. கட்டுரையில் அப்படி இல்லை. “பெரும்பாலும்”, “இந்தச் சூழலில்”, “இதுவரை கிடைத்த சான்றுகளின்படி” போன்ற சொற்களை எழுதக் கூச்சப்படாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஸ்டீபன் டூல்மின் என்ற தத்துவ அறிஞர் 1958-இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியபோது, இப்படி அளவுபடுத்தும் சொல்லுக்கும் தனி இடம் கொடுத்தார். அது வாதத்துக்கு வெளியே ஒட்டவைத்த பணிவு அல்ல, வாதத்தின் ஓர் உறுப்பே.

அவர் காட்டிய இன்னோர் உறுப்பில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சான்றையும் முடிவையும் இணைக்கும் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பள்ளி தாமதமாகத் தொடங்க வேண்டும் என்ற தலைப்பை ஒவ்வோர் ஆண்டும் யாராவது எடுப்பார்கள். சியாட்டில் நகரில் 2016-இல் மேல்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தைக் காலை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். மாணவர்களின் தூக்கம் சராசரியாக 34 நிமிடம் கூடியதாக 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. இதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே, “எனவே இங்கும் மதிப்பெண்கள் உயரும்” என்று ஒரு மாணவன் முடித்திருந்தான். அவன் காட்டிய எண் தூக்கத்தைப் பற்றியது. மதிப்பெண்ணுக்குப் போக நடுவில் ஒரு பத்தி வேண்டும்: தூக்கம் கூடினால் கற்றல் எப்படி மாறுகிறது, அதற்கு யார் சாட்சி, ஒரு நகரத்தில் நடந்தது இன்னொரு நகரத்தில் நடக்கும் என்று எதை வைத்துச் சொல்வது. ஓரத்தில் “அதனால்?” என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒரு சொல்லுக்கு அவன் எழுதிய பதில்தான் கட்டுரையின் நடுப்பகுதியாக ஆனது.

நம்பத் தகுந்த தளம் எது என்று கண்டுபிடிக்க, பழைய முறையில் ஒரு பட்டியல் கொடுப்போம்: ஆசிரியர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, முகவரி எதில் முடிகிறது. அந்தப் பட்டியல் போதாது. ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்கள் ஆகியோரிடம் சில வலைத்தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். வரலாற்றாசிரியர்களிலும் மாணவர்களிலும் பலர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து, நேர்த்தியான வடிவமைப்பிலும் அதிகாரபூர்வமாக ஒலிக்கும் பெயரிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே புது டாப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். கொடுக்கப்பட்டவற்றில் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகள். ஒன்று 1930-இல் தொடங்கிய, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பெரிய அமைப்பு. மற்றொன்று 2002-இல் அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. பெயரை மட்டும் பார்த்தால் எது எது என்று சொல்வது கடினம். பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014-இல் பரிந்துரைத்தது அந்தப் பெரிய அமைப்புதான். ஆகவே பள்ளி நேரத்தைப் பற்றி எழுதும் மாணவர்கள், தாங்கள் மேற்கோள் காட்டும் மருத்துவர் அமைப்பு இரண்டில் எது என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதை என் வகுப்பில் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

பிரசுரமான இடம் நல்ல இடமாக இருந்தாலும் மூலத்தைத் தேடுவதை விடக் கூடாது என்பதற்குப் பசலைக்கீரைக் கதையைச் சொல்வேன். கீரையின் இரும்புச்சத்து அளவைக் குறிக்கும்போது தசமப்புள்ளி தவறி, பத்து மடங்காகப் பதிவாகிவிட்டது, அதனால்தான் உலகமே கீரையை இரும்புக்காகத் தின்றது என்ற கதை. 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை வழியாக இது பரவியது. கதைக்கு அங்கே மூல ஆதாரம் காட்டப்படவில்லை. பின்னால் வந்த கல்வியாளர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் மேற்கோள் காட்டிக்கொண்டே போனார்கள். நார்வேயைச் சேர்ந்த ஒலே ரெக்டால் 2014-இல் இந்தச் சங்கிலியை விரிவாக எடுத்துக் காட்டினார். மற்றவர்களின் கவனக்குறைவை எச்சரிக்கச் சொல்லப்பட்ட கதையே, யாரும் மூலத்தைப் பார்க்காததால் பரவியிருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் திகைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அச்சில் வந்துவிட்டால் உண்மை என்ற நம்பிக்கை அன்றைக்கு ஆட்டம் காணும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த வேலை கூடியிருக்கிறது. இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுக் கொடுத்துவிடும். 2023-இல் நியூயார்க்கில், இப்படி உருவான போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கறிஞர்களுக்கே இந்த நிலை என்றால் பதினாறு வயதுப் பிள்ளையைக் கோபித்து என்ன பயன்? கோபிப்பதற்குப் பதிலாக வேறொன்று கேட்கிறேன். ஒவ்வொரு சான்றுக்கும், தான் பயன்படுத்திய வரி இருக்கும் பக்கத்தை அச்செடுத்து, அந்த வரியை மஞ்சள் மையால் கோடிட்டு இணைக்க வேண்டும். அதோடு ஒரு வாக்கியம்: இது என் வாதத்தில் எதை மாற்றியது? எதையும் மாற்றவில்லை என்றால் அப்படியே எழுதலாம். ஆனால் எல்லாச் சான்றுக்கும் அதே பதில் வந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவேன்.

சான்றுகளைப் பட்டியலிடும் எம்எல்ஏ (Modern Language Association) முறையில் கமா எங்கே, சாய்வெழுத்து எங்கே என்பதற்கு நான் அதிக நேரம் ஒதுக்குவதில்லை. 2016-இல் வந்த பதிப்பிலிருந்து அந்த முறையே, ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் தனித்தனி விதி என்பதை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்பது கூறுகள் என்று எளிதாகிவிட்டது. பக்க எண்ணில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். படிப்பவர் நேராக அந்த வரிக்குப் போய், “நீ சொன்னது இங்கே இருக்கிறதா?” என்று பார்க்கும் உரிமை அதில்தான் இருக்கிறது.

எங்கள் மதிப்பீட்டு அட்டவணையில் சான்றுகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரிசை இருக்கிறது, மேற்கோள் வடிவத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. தொடக்க வாதத்துக்கும் இறுதி வாதத்துக்கும் நடுவே என்ன மாறியது, ஏன் மாறியது என்பதற்கு வரிசை இல்லை. முதல் டிராஃப்டையும் கடைசி டிராஃப்டையும் சேர்த்துக் கட்டித் தரச் சொன்னால் அதற்கும் மதிப்பெண் போடலாம். எண்ணிக்கைக்கு இருக்கும் மதிப்பெண்ணை எடுத்து அதற்குக் கொடுங்கள் என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கல்வியாண்டின் திட்டக் கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.