தகரத்தில் விழுந்த மழை

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் மூன்று வாரமும் மதியச் சாப்பாட்டை ஹொஸ்டல் அறையில் தனியாகத்தான் சாப்பிட்டேன். கென்டீனில் சோற்றுப் பார்சல் வாங்கும் அளவுக்குச் சிங்களம் தெரியும். அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு மேசையில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசும் அளவுக்குத் தெரியாது. தேயிலைத் தோட்ட ஊரான பொகவந்தலாவையில் உயர்தரம் வரை தமிழிலேயே படித்தவள் நான்.

நாலாவது வாரம் ஆங்கில வகுப்பு மிஸ் சீட்டுக் குலுக்கிக் குழு பிரித்தார். குழுவுக்கு ஆறு பேர், ஆறு வாரம், ஃபோனில் எடுத்த மூன்று நிமிடப் படம். தலைப்பு: 'பழகாத இடம்'. என் குழுவில் நாலு சிங்களப் பிள்ளைகள், அக்குறணையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பையன், நான். இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் அந்தப் பையன் இல்லாவிட்டால் முதல் கூட்டமே நடந்திருக்காது. நான் பேசாமலே இருந்ததால் சத்தம் பதியும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள்.

முதல் நாள் படப்பிடிப்பில் கெமராவைப் பிடித்திருந்த குருநாகல் பிள்ளை என் பக்கம் திரும்பி, "சத்தெ?" என்றாள். "சத்தம் சரி" என்றேன். இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல். கெம்பஸில் நான் யோசிக்காமல் பதில் சொன்ன முதல் கேள்வி அது.

வேலையைச் செய்துதான் கற்றுக்கொண்டேன். ஃபோன் மைக்கில் காற்றுப் பட்டால் பேச்சு கேட்காது. சுத்தமான காலுறை ஒன்றை மாட்டிவிட்டால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். படத்துக்கு ஒரு ஃபோன், சத்தத்துக்கு இன்னொன்று. ஒவ்வொரு ஷொட்டுக்கும் முன்னால் கெமராவுக்கு நேரே ஒரு தடவை கை தட்டினால், எடிட் செய்யும்போது இரண்டையும் அந்தத் தட்டில் பொருத்திக்கொள்ளலாம். கடைசியாக, எல்லாரும் 30 விநாடி வாய் திறக்காமல் நிற்க வேண்டும். அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிய வேண்டும். வெட்டி ஒட்டிய இடங்கள் காதில் இடறாமலிருக்க அதுதான் அடியில் ஓடும். கலஹா வீதி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தால் மறுபடி 30 விநாடி. அந்த நேரங்களில் என் மௌனம் மட்டும் தனியாகத் தெரியவில்லை.

படப்பிடிப்பின் இரண்டாம் வாரம் சண்டை வந்தது. வளாகத்துக்குள் எடுத்த காட்சிகள் யாருக்கும் பிடிக்கவில்லை. என் ஊருக்குப் போய்க் கொழுந்து பறிக்கும் பெண்களை எடுக்கலாம், பச்சைப் பசேலென்று அழகாக வரும் என்றான் ஒருவன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஜேம்ஸ் டெய்லர், 1867, லூல்கந்துர என்று தேயிலையின் வரலாறு அவர்களுக்கு மனப்பாடம். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டு என்றால் என்ன, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று அந்த மேசையில் ஒருவருக்கும் தெரியாது. என் அம்மா கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை ஏற்கெனவே எத்தனையோ தேயிலைப் பெட்டிகளில் பார்த்துவிட்டேன். அது அம்மா இல்லை.

"பே" என்றேன். முடியாது என்று. பிறகு அரைச் சிங்களம், அரை ஆங்கிலம், கோபம் வந்ததும் முழுத் தமிழ். அக்குறணைப் பையன் மொழிபெயர்க்கத் திணறினான். நான் அழவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். குருநாகல் பிள்ளை மட்டும், "அப்படியென்றால் எது உன் ஊர்?" என்று கேட்டாள்.

அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, விடியற்காலையில் கூரைத் தகரத்தில் மழை விழுவதை 30 விநாடி பதிந்து வந்தேன். ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டினேன். ஓட்டு வீட்டில் வளர்ந்தவள், முதலில் மழை என்றே கண்டுபிடிக்கவில்லை. முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னாள்.

அதிலிருந்து கதை பிறந்தது. சரசவி உயன ஸ்டேஷனில் ஒரு மாணவி ரயிலுக்குக் காத்திருக்கிறாள். வெயில் அடிக்கிறது, அவள் காதில் மட்டும் மழை. ரயில் வருகிறது, அவள் ஏறவில்லை. அவ்வளவுதான் படம். அனுமதி கேட்கும் முறை எனக்கு வந்தது. ஹொஸ்டல் கண்ணாடி முன்னால் இரண்டு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துப் போய், பாதியில் மறந்து நின்றேன். ஸ்டேஷனில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கமக் நே துவ" என்றார். பரவாயில்லை மகளே என்று. தண்டவாளத்துப் பக்கம் இறங்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

சப்டைட்டிலுக்கு இரண்டு இரவு போனது. 'வீட்டு நெனப்பா இருக்கு' என்பதற்குக் குருநாகல் பிள்ளை 'கெதர மதக் வெனவா' என்று எழுதித் தந்தாள். மழைக்கு என்ன எழுதுவது என்று மறுபடி வாதாடினோம். 'தகரக் கூரையில் மழை' என்று மூன்று மொழியிலும் போடுவோம் என்றார்கள். ஒன்றும் போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அந்தத் தடவை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

விரிவுரை மண்டபத்தில் போட்டபோது, முன்வரிசையில் சிலர் ஸ்பீக்கர் பழுது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வரும்போது, அதுவரை நான் முகம் பார்த்திராத ஒரு பையன் படிக்கட்டில் காத்து நின்றான்.

"நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டான்.

சொன்னேன். அவன் பசறையாம். இரண்டு பேரும் கென்டீனுக்குப் போனோம். குருநாகல் பிள்ளை எங்களுக்கு முன்பே போய் மேசை பிடித்திருந்தாள்.