புடு அந்தோனியார் கோயில்

வேலைக்காகக் கோலாலம்பூருக்குக் குடிவந்த பிறகு, ஞாயிறு திருப்பலிக்கு எந்தக் கோயிலுக்குப் போவது என்று முடிவு செய்ய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. புக்கிட் நானாஸில் உள்ள செயின்ட் ஜான் பேராலயத்தில், வீட்டு வேலை செய்யும் பிலிப்பீன்ஸ் பெண்கள் விடுமுறை நாளின் பெரும்பகுதியைத் தோழியரோடு கழிப்பதைக் கண்டபோதுதான், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குக் கோயில் எவ்வளவு பெரிய ஆதரவு என்பது எனக்குப் புரிந்தது.

ஆயினும் நான் நிலைத்துவிட்டது புடுவில். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1910-இல் எழுந்த புனித அந்தோனியார் கோயிலில் இன்றும் தமிழில் திருப்பலி நடக்கிறது. ஆனால் அங்கே வருபவர்கள் தமிழர்களோ கத்தோலிக்கர்களோ மட்டும் அல்லர். சீனக் குடும்பங்களும், கைகூப்பி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுச் செல்லும் இந்துக்களும் அந்தோனியார் முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

வாசலில் கைகுலுக்குவதை மட்டும் வரவேற்பு என்று நான் கருதுவதில்லை. (அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அடுத்த வாரம் மறந்தும் போகிறது.) திருப்பலி முடிந்ததும் ஒரு மூத்த அம்மா என் ஊரையும் அப்பா பெயரையும் கேட்டுவிட்டு, "பாடகர் குழுவில் ஆண் குரல் குறைவாக இருக்கிறது தம்பி, சனிக்கிழமை பயிற்சிக்கு வாருங்கள்" என்று உரிமையோடு வேலை கொடுத்தாரே, அதைத்தான் வரவேற்பு என்பேன். ஜூன் 13 திருவிழாவுக்கு நண்பர்கள் எம்மதத்தவராயினும் வரலாம். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது, ரயிலில் வருவதே நல்லது.