தரவுத்தளம் பதில் சொல்லும்போது ரகசியம் கசியாமல் இருக்க

சுகாதாரப் பரிசோதனைத் தரவுத்தளம் ஒன்றை ஆய்வாளர்கள் கேள்வி கேட்கும்படி திறந்துவிட்டோம். எண்ணிக்கை, சராசரி, கூட்டுத்தொகை கிடைக்கும்; யாருக்கு என்ன நோய் என்பது மட்டும் தெரியக் கூடாது. பெயர்ப் பத்தியை நீக்கினால் போதும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். போதாது.

சிங்கப்பூரில் அஞ்சல் குறியீடு 6 இலக்கம், பெரும்பாலும் புளோக்குக்கு ஒன்று. அதோடு இனமும் வயதும் சேர்ந்தால், ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்கில் 85 வயதைத் தாண்டிய தமிழ்ப் பாட்டி ஒருவர்தான் இருப்பார். கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கே அவர் யாரென்று தெரியும். அதனால் குறியீட்டின் முதல் 2 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வயதை 5 ஆண்டுப் பிரிவுகளாக்கினோம்.

அடையாள அட்டை எண்ணின் 7 இலக்கங்களில் கடைசி 3ஐயும் இறுதி எழுத்தையும் மட்டும் காட்டும் வழக்கம் உண்டு. சிங்கப்பூரில் 1968 முதல் பிறந்தவர்களுக்கு முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு. ஆண்டு தெரிந்துவிட்டால் மறைந்திருப்பது 2 இலக்கம்தான், அதாவது 100 சாத்தியங்கள். கடைசி எழுத்தோ, இலக்கங்களை எடையால் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்த மீதியிலிருந்து வருவது. அதைக் கொண்டு சலித்தால் 9 அல்லது 10 எண்களே மிஞ்சும். எண்ணை ஹேஷ் செய்து, அதாவது நேராகத் திருப்ப முடியாத குறியாக மாற்றி, வைப்பதும் வீண். 7 இலக்கத்தில் மொத்தமே 1 கோடி எண்கள், மடிக்கணினியே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். தற்செயல் எண் கொடுத்து, இணைப்புப் பட்டியலை வேறு சர்வரில் பூட்டுவதே சரி.

அடுத்தது கேள்விகள். 10 பேருக்குக் குறைந்த குழுவுக்குப் பதில் இல்லை என்ற விதியை எல்லோரும் முதலில் வைப்பார்கள். அதை உடைப்பது எளிது. “ஆண்கள் எத்தனை பேர்?” என்று கேட்டால் 4,120. “ஆண்கள், அல்லது நீரிழிவு உள்ள அந்தப் பாட்டி, மொத்தம் எத்தனை பேர்?” என்றால் 4,121. இரண்டும் பெரிய குழுக்கள், விதி வாய் திறக்காது. பாட்டிக்கு நீரிழிவு என்பது வெளியே வந்துவிட்டது. கணினி ஆய்வாளர் டெனிங்கும் அவர் சகாக்களும் இவ்வகைத் தாக்குதலை ‘டிராக்கர்’ என்ற பெயரில் 1979லேயே விளக்கிவிட்டார்கள். ஆனாலும் குழு அளவு விதியை மட்டும் நம்பும் அமைப்புகள் இன்றும் கட்டப்படுகின்றன.

ஆகவே விடையிலேயே இரைச்சல், அதாவது தற்செயலான சிறு கூட்டல் கழித்தல், கலக்க வேண்டும். எண்ணிக்கைக்கு லாப்லாஸ் இரைச்சல், பூஜ்யத்தைச் சுற்றியே அதிகம் விழும் வகை. அதன் அளவு 1/எப்சிலான்; எப்சிலான் சிறிதானால் காவல் பலமாகும். எப்சிலான் 0.1 என்றால் அளவு 10. 4,120இல் அது உறைக்காது, 1 பேர் வித்தியாசம் மூழ்கிவிடும். கூட்டுத்தொகைக்கு முன்பே ஒவ்வொரு மதிப்புக்கும் மேல் வரம்பும் கீழ் வரம்பும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஆள் விடையைப் புரட்டிவிடுவார்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் புது இரைச்சல் கலந்தால், 100 முறை கேட்டுச் சராசரி எடுப்பவருக்கு இரைச்சல் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். முதல் விடையைச் சேமித்து அதையே திருப்பித் தருகிறோம். ஆனால் “64க்கு மேல்”, “65 முதல்” என்று ஒரே கேள்வியை வேறு மாதிரி எழுதலாம். எல்லா வேடத்தையும் அடையாளம் காண முடியாது. கடைசிக் காவல் பட்ஜெட்தான், அதாவது எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய எப்சிலான்: மொத்தம் 2, கேள்விக்கு 0.1, ஆக 20 புதுக் கேள்விகள். இதை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு ஆய்வாளர்கள் மதிய உணவு மேசையில் விடைகளைப் பகிர்ந்தால் காவல் போச்சு. பட்ஜெட் தரவுத்தொகுப்புக்கே.

மறுப்பும் ஒரு பதில்தான். உண்மை எண்ணிக்கையைப் பார்த்து மறுத்தால், “9 பேரோ குறைவோ” என்று சொன்னதாகிவிடும். இரைச்சல் கலந்த எண்ணிக்கையைப் பார்த்தே மறுக்க வேண்டும், அந்தச் சோதனைக்கும் பட்ஜெட்டில் கழிக்க வேண்டும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லை நேரடியாக எழுதவிடவும் கூடாது. பூஜ்யத்தால் வகுக்கும் நிபந்தனை ஒன்றைச் செருகி, பிழைச் செய்தி வருகிறதா என்று பார்த்தே ஒருவரின் இரத்தச் சர்க்கரை அளவைப் பிடிக்கலாம். படிவம் ஒன்று, அனுமதித்த பத்திகள், எல்லாப் பிழைக்கும் ஒரே வாசகம், குறித்த இடைவெளியில் மட்டும் விடை.

ஆய்வாளர் கையெழுத்திடும் உறுதிமொழியில் சட்டத்தையும் சேர்த்தோம்: சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றித் தெரிந்தே ஒருவரை மீண்டும் அடையாளம் கண்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.