68-14: காசு கொடுத்துக் கார்டிஃப்பில் வாங்கிய அடி

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். வேல்ஸ் தலைநகர் கார்டிஃப்பிலிருந்து நியூபோர்ட் ஏறத்தாழ 12 மைல். ரயிலில் ஏறினால் கால் மணி நேரம். ரக்பி மேட்ச் முடிந்த சனிக்கிழமை ராத்திரி அந்தத் தூரத்துக்கு ஒரு டாக்ஸிக்காரர் 90 பவுண்டு கேட்டார். மீட்டர் போடுங்கள் என்றதற்கு, "நியூபோர்ட்டுக்கெல்லாம் மீட்டர் கிடையாது" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார். நம்ம சென்ட்ரல் வாசல் ஆட்டோக்காரர் எவ்வளவோ தேவலாம், அவராவது "பாத்து போட்டுக் குடுங்க சார்" என்று பேச்சுக்கு இடம் வைப்பார். அப்புறம் விசாரித்துப் பார்த்தால், அவர் சொன்னது சட்டப்படி சரியாம். உரிமம் கொடுத்த ஊரின் எல்லையைத் தாண்டும் சவாரிக்கு முன்கூட்டியே கட்டணம் பேசிக்கொள்ளலாம். பேசிக்கொள்ளலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, பிடுங்கிக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை.

நியூபோர்ட்டில் ஏன் தங்கினோம் என்று கேட்பீர்கள். சாதாரண நாளில் 60, 70 பவுண்டுக்குக் கிடைக்கும் கார்டிஃப் லாட்ஜ் அறைக்கு அன்றைக்கு 300-க்கு மேல் போட்டிருந்தார்கள். ஜன்னல்கூட இல்லாத அறை! 2025 மார்ச், சிக்ஸ் நேஷன்ஸ் என்ற ஆறு நாட்டு ரக்பித் தொடரின் கடைசி நாள், அதுவும் வேல்ஸ் எதிர் இங்கிலாந்து. வைத்ததுதான் விலை. நியூபோர்ட்டில் பாதிக்கும் கீழே கிடைத்தது. அறை எப்படி இருந்தது என்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, படுக்கை இருந்தது.

இந்தப் பயணத்துக்கு முழுப் பொறுப்பும் கண்டிக்காரன்தான். அவனுக்கும் எனக்கும் ரெடிங்கில் ஒரே அலுவலகத்தில் வேலை. இலங்கையில் கண்டிப் பக்கம் ரக்பி என்றால் சும்மா இல்லை. டிரினிட்டி கல்லூரிக்கும் கொழும்பு ராயல் கல்லூரிக்கும் 1945 முதல் நடக்கும் பிராட்பி கேடயப் போட்டிக்கு ஊரே கூடும் என்பான். நான் கிரிக்கெட் ஆள். முட்டை வடிவப் பந்தைப் பின்பக்கமாக மட்டுமே கையால் எறிய வேண்டும், எதிராளியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ட்ரை, அதற்கு 5 புள்ளி, பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 2, பெனால்டி உதைக்கு 3. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ரக்பி. இது போதும், நம்புங்கள். ஸ்க்ரம்மில் பதினாறு தடியர்கள் தலையைக் கோத்துத் தள்ளும்போது நடுவர் எதற்கு விசில் ஊதுகிறார் என்பது எனக்குப் பக்கத்தில் இருந்த வேல்ஸ்காரர்களுக்கே பாதி நேரம் புரியவில்லை.

டிக்கெட் ஒன்று நூறு பவுண்டுக்கு மேல். நம்மூர்க் காசில் 11,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதுவும் மேல்தட்டு. "மச்சான், காச எண்ணாத, வந்து பார்" என்றான். எண்ணினேன். ஊர் திரும்பும் வரை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். கொஞ்சம் பொறுங்கள், முதலில் அந்த ஸ்டேடியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

லண்டன் ட்விக்கனம் மைதானத்துக்கு ரயிலடியிலிருந்து வீட்டுத் தெருக்கள் வழியே நடந்து போக வேண்டும். பாரிஸ் மைதானம் ஊருக்கு வெளியே செயின் டெனியில். கார்டிஃப்பில் அப்படியெல்லாம் இல்லை. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து தலையைத் தூக்கினால் வெள்ளைக் கம்பங்கள் தெரிகின்றன. கடைத்தெரு, சந்தை, கோட்டை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்க, நடுவே டாஃப் ஆற்றங்கரையில் இந்தப் பிரம்மாண்டம். பிரின்சிபாலிட்டி ஸ்டேடியம் என்பது 2016-இல் வந்த விளம்பரப் பெயர், பலர் இன்னும் மில்லெனியம் என்றுதான் சொல்கிறார்கள். 1999 உலகக் கோப்பைக்காகக் கட்டியது. ஏறத்தாழ 74,000 பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையே மூன்றரை லட்சம் சொச்சம்தான். அதாவது ஊரில் ஐந்தில் ஒரு பங்கைத் தூக்கி ஒரே கட்டடத்துக்குள் வைத்த மாதிரி. வெஸ்ட்கேட் தெருவிலும் செயின்ட் மேரி தெருவிலும் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். நடுச்சாலையில் ஜனம், கையில் பிளாஸ்டிக் கோப்பையில் பியர், தலையில் மஞ்சள் டாஃபடில் பூத் தொப்பி. முகத்தைச் சுற்றி இதழ் விரிந்திருக்கும். எழுபது வயதுத் தாத்தாவும் கூச்சமில்லாமல் போட்டுக்கொண்டு திரிகிறார்.

சந்தைக்குள் நுழையாமல் போகாதீர்கள். 1891-இல் திறந்த பழைய கூடம், மேலே கண்ணாடிக் கூரை. வாசல் பக்கம் மீன்கடை. உள்ளே கல்லில் சுடச்சுட வெல்ஷ் கேக் போட்டுக் கொடுக்கிறார்கள். பெயர்தான் கேக், உலர்திராட்சை போட்ட தடித்த பிஸ்கட் வகை, மேலே சர்க்கரை தூவல். சூட்டில் சாப்பிட்டால் வெண்ணெய் மணம் மூக்கிலேயே நிற்கிறது. ஆறினால் சுமார்தான், பையில் கட்டி எடுத்துவந்தது அப்படித்தான் ஆகிவிட்டது. விலை ரொம்பக் குறைவு. அன்றைக்கு நான் மனம் நிறைந்து கொடுத்த காசு அது ஒன்றுதான்.

ஸ்டேடியத்துக்கு ஒட்டினாற்போலவே பழைய ஆர்ம்ஸ் பார்க் இன்னும் இருக்கிறது, இப்போது கார்டிஃப் கிளப் அணி அங்கே ஆடுகிறது. வெளியே ஒரு வெண்கலச் சிலை. ஆட்டக்காரர் சிலை என்று நினைத்துப் பக்கத்தில் போனால் டாஸ்கர் வாட்கின்ஸ். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர், பிறகு நீதிபதி, அதற்கும் பிறகு வேல்ஸ் ரக்பி யூனியன் தலைவர். நம் கிரிக்கெட் வாரியத் தலைவர்களை நினைத்துக்கொண்டேன், மேலே எழுதவில்லை.

உள்ளே போனதும் என்னை முதலில் திகைக்க வைத்தது யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். இங்கிலாந்துக்காரன், வேல்ஸ்காரன் எல்லாம் கலந்துகட்டி. கால்பந்து என்றால் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே போலீஸ் வேலியே போடும். இங்கே வெள்ளைச் சட்டைக்கு அடுத்த நாற்காலியில் சிவப்புச் சட்டை, ஒருவருக்கொருவர் பியர் வாங்கிக்கொடுத்துக்கொள்கிறார்கள். மேல்தட்டு செங்குத்தாக இருக்கிறது, படியேறும்போது முன்வரிசைக்காரர் தலை என் முழங்காலுக்குக் கீழே. ஆனால் மைதானம் முழுக்க கண்முன்னே விரிந்து கிடக்கிறது. யார் எங்கே ஓட்டை விடுகிறார்கள் என்பது டிவியில் தெரியாதது இங்கே தெரிகிறது. கூரையை மூடவும் வசதி இருக்கிறது, இருபது நிமிடம் போதும். முன்பெல்லாம் இரண்டு அணிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால், மேட்சுக்கு மேட்ச் அதிலேயே ஒரு பேரம் நடக்குமாம்.

பிறகு தேசியகீதம். இதற்குத்தான் இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

"ஹென் உலாத் வ நஹதை" என்ற அந்தப் பாட்டு 1856-இல் பொன்டிப்ரீத் ஊரில் ஒரு அப்பாவும் மகனும் செய்தது. அப்பா வரி, மகன் மெட்டு. 1905-இல் நியூசிலாந்து இதே கார்டிஃப்புக்கு வந்து ஹக்கா என்ற போர் நடனத்தை ஆடியபோது, அதற்குப் பதிலாக வேல்ஸ் ஆட்டக்காரர்கள் இதைப் பாட ஆரம்பிக்க, கூட்டமும் சேர்ந்துகொண்டது. விளையாட்டுப் போட்டிக்கு முன் தேசியகீதம் பாடும் வழக்கமே அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். அன்றைக்கு வேல்ஸ் 3-0 என்று ஜெயித்தது, அந்தச் சுற்றுப்பயணத்தில் நியூசிலாந்து தோற்ற ஒரே ஆட்டம். நான் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். படித்தது ஒன்றுக்கும் உதவவில்லை. பல்லவி வந்தபோது நாற்காலியின் பின்சாய்வில் வைத்திருந்த கை அதிர்ந்தது. ஒலிபெருக்கியால் இல்லை, ஜனம் போட்ட சத்தத்தால். பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ஸ்தாயியைத் தனியாகப் பிடித்தார், அவருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் மேல்ஸ்தாயி. யாரும் ஒத்திகை பார்க்கவில்லை, தானாகவே சுருதி சேர்கிறது. சர்ச்சிலும் சுரங்க ஊர்களின் ஆண்கள் பாடகர் குழுக்களிலும் தலைமுறையாகப் பழகிய தொண்டைகள். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. வாயைத் திறந்து ஏதோ கத்தினேன்.

"இது ரக்பிக்கு வந்த சனம் இல்ல மச்சான், பாட்டுக்கு வந்த சனம்" என்றான் கண்டிக்காரன். அது எவ்வளவு உண்மை என்பது மூன்று நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

மூன்றாவது நிமிடம், இங்கிலாந்து கேப்டன் மாரோ இடோஜே ட்ரை. அப்புறம் அடை மழைதான். நடுவே வேல்ஸ் சார்பில் பென் தாமஸ் ஒன்று போட்டபோது கூரை பிய்த்துக்கொண்டு போகும் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் சில நிமிடம். இடைவேளையில் 33-7. இறுதியில் 68-14. இங்கிலாந்து போட்டது பத்து ட்ரை. டாமி ஃப்ரீமன் அந்தத் தொடரின் ஐந்து ஆட்டத்திலும் ட்ரை போட்டவர் என்ற பெயரை வாங்கிக்கொண்டார். ஹென்றி பொல்லாக் என்ற இருபது வயசுப் பையன், முதல் சர்வதேச ஆட்டம், மாற்று ஆளாக இறங்கி இரண்டு ட்ரை. இந்தப் போட்டித்தொடரின் வரலாற்றிலேயே வேல்ஸ் ஒரு ஆட்டத்தில் இவ்வளவு புள்ளிகளை விட்டுக்கொடுத்ததில்லை. தொடர்ந்து 17-ஆவது தோல்வி. பயிற்சியாளர் வாரன் காட்லாண்ட் பிப்ரவரியிலேயே நடையைக் கட்டிவிட்டார், தற்காலிகமாக மாட் ஷெர்ரட். பந்தோடு ஓடிவருபவனைப் பிடித்துச் சாய்க்கும் டேக்கிளை வேல்ஸ் செய்த லட்சணத்தைப் பார்த்தால் பயிற்சியாளரை மட்டும் மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. வெள்ளைச் சட்டைக்காரன் மோதிய பிறகும் மூன்று மீட்டர் முன்னே போய்த்தான் விழுகிறான். ஒவ்வொரு முறையும்.

பக்கத்துப் பெரியவர் நிகழ்ச்சிப் புத்தகத்தில் பென்சிலால் ட்ரைகளைக் குறித்துக்கொண்டு வந்தார். ஆறாவதுக்குப் பிறகு பென்சிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு 2013 கதையை ஆரம்பித்தார். அந்த வருஷமும் மார்ச் மாதம், கடைசி நாள், இங்கிலாந்து எல்லா ஆட்டமும் ஜெயித்து கிராண்ட் ஸ்லாம் வாங்க இதே ஸ்டேடியத்துக்கு வந்தது. வேல்ஸ் 30-3 என்று அடித்து அனுப்பியது. கண்டிக்காரனுக்குக் கதை ஏற்கெனவே தெரியும், ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். முன்வரிசை இங்கிலாந்துக்காரர் திரும்பி, "நானும் அன்றைக்கு வந்திருந்தேன்" என்றார். எதற்கு வந்தோமோ அதை மறந்துவிட்டு அவர்கள் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள், கீழே மைதானத்தில் ஏழாவது ட்ரை விழுந்தது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். பியர். ஆட்டம் நடக்கும்போதே வரிசை வரிசையாக எழுந்து போகிறார்கள், நான்கு கோப்பையை அட்டைத் தட்டில் ஏந்தி வருகிறார்கள், பிறகு அதை இறக்கிவைக்க மறுபடி எழுந்து போகிறார்கள். நான் உட்கார்ந்திருந்தது நடைபாதையை ஒட்டிய நாற்காலி. எழுந்து உட்கார்ந்தே தொடை வலித்தது. ஒரு ட்ரையை இருவர் இடுப்புக்கு நடுவே இருந்த சந்தில் பார்த்தேன். 11,000 ரூபாய்! குழந்தைகளோடு போகிறவர்கள் மது அனுமதிக்காத பகுதியில் டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

வெளியே வந்தால் தோற்ற ஊர் மாதிரியே இல்லை. பப் வாசலில் எல்லாம் பாட்டு. ராத்திரி பாரிஸில் பிரான்ஸ் ஸ்காட்லாந்தை 35-16 என்று அடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது. பத்து ட்ரை போட்டும் இங்கிலாந்துக்கு இரண்டாமிடம்தான் என்று தெரிந்ததும் கார்டிஃப் போட்ட கூச்சல் இருக்கிறதே, வேல்ஸே ஜெயித்த மாதிரி.

பசி. கரோலின் தெருவுக்குப் போனோம், சிப்ஸ் கடைகளுக்குப் பேர்போன சின்னச் சந்து. அங்கே "ஹாஃப் அண்ட் ஹாஃப்" கேளுங்கள். பாதி சோறு, பாதி தடித்த உருளைக்கிழங்கு சிப்ஸ், மேலே சிக்கன் கறி ஊற்றித் தருவார்கள். நம் ஆள் எவனாவது இதைப் பார்த்தால் கோர்ட்டுக்குப் போவான். கறியில் மிளகாய் கிடையாது, கறிவேப்பிலை கிடையாது, மஞ்சள் நிறத்தில் இனிப்பாக ஒரு குழம்பு. ஆனால் குளிரில் நின்றுகொண்டு, மரக் கரண்டியால், சிப்ஸ் ஊறிப்போன அந்த அடிப்பகுதியை வழித்துத் தின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், இன்னொன்று வாங்கலாமா என்று பார்த்தேன். கண்டிக்காரன் வாங்கியேவிட்டான்.

டாக்ஸியை விரட்டிவிட்டு ரயிலுக்கே போனோம். நிலையத்துக்கு முன் சதுக்கத்தில் போகும் திசைக்கு ஒரு வரிசை என்று கம்பித் தடுப்பு வைத்துப் பிரித்துவிடுகிறார்கள். நியூபோர்ட், பிரிஸ்டல், லண்டன் எல்லாம் கிழக்கே போகிற கூட்டம், அதுதான் நீளம். நின்று நின்று கால் மரத்துப்போனது. ஆனால் வரிசை நகர்ந்தது, யாரும் இடையில் புகவில்லை, டிக்கெட் சில பவுண்டுதான்.

செலவுக் கணக்கு கேட்டவர்களுக்கு: மேட்ச் டிக்கெட்டும் அறையும்தான் பாக்கெட்டைக் காலி செய்தவை, மற்றதெல்லாம் சில்லறை. அறையை நியூபோர்ட்டிலோ பிரிஸ்டலிலோ முன்பே போட்டுவிடுங்கள். காரில் வருகிறவர்கள் ஊருக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் வரும் வசதியைப் பயன்படுத்துங்கள். இங்கிலாந்து மறுபடி கார்டிஃப்புக்கு வருவது 2027-இல்தான். அதற்குக் காத்திருக்க வேண்டாம், நவம்பர் மாத சர்வதேசப் போட்டிகளில் சின்ன அணி வரும் வாரமாகப் பார்த்துப் போடுங்கள், டிக்கெட் விலை நன்றாகவே இறங்கும். பாட்டு அதேதான். நடைபாதை நாற்காலி மட்டும் வேண்டாம்.