தாள் அடிக்கும் சத்தம்

நவம்பர் 24

பசுமைக்குடிலுக்குப் புது பிளாஸ்டிக் ஷீட் வந்துவிட்டது. 200 மைக்ரான், 9 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளம். முப்பது கிலோ. மேட்டு ரோட்டில் லாரி இறக்கிவிட்டுப் போனதை இரண்டு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். அத்தையின் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெளியில் வைத்தால் எலி கடித்துவிடும்.

நவம்பர் 26

இரவெல்லாம் பழைய ஷீட் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது குழாய் வளைவுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கிழிசல்தான். படார் என்று அடிக்கும், கொஞ்ச நேரம் நிற்கும், கண் அசரும்போது மறுபடி அடிக்கும். அத்தையும் தூங்கவில்லை. "அந்தத் தாளப் போய்க் கட்டிட்டு வா கண்ணு" என்றார், மணி இரண்டரைக்கு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சணல் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். காலையில் பார்த்தால் கயிறு அறுத்த இடத்தில் இன்னொரு கிழிசல்.

நவம்பர் 27

டேப் ஒட்டவில்லை. எல்லாம் ஈரம்.

நவம்பர் 28

கந்தகம்தான் காரணமா? மூன்று நாளாக இதே யோசனை.

ஐந்து வருஷம் வரும் என்று வாங்கியது மூன்றாவது வருஷமே போய்விட்டது. எங்கே முதலில் விட்டது என்று இன்று ஸ்டூல் போட்டு ஏறி, கையால் தடவிப் பார்த்தேன். பெரும்பாலும் குழாய்க்கு மேலேதான். வெயிலில் ஜிஐ இரும்புக் குழாய் சுடும், அது படுகிற இடத்தில் ஷீட் சீக்கிரம் முறுகும். குழாய்மேல் வெள்ளை பெயிண்ட் அடித்திருக்க வேண்டும், இல்லை ஃபோம் டேப்பாவது ஒட்டியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. சரி, அது தெரிந்த தப்பு. ஆனால் கதவுப் பக்கத்தில் குழாயே படாத இடம்கூட விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. குடைமிளகாய்க்குச் சாம்பல் நோய் வந்தது அந்தப் பக்கம்தான். வாரா வாரம் நனையும் கந்தகம் கலக்கி அடித்ததும் அங்கேதான், ஷீட்டிலெல்லாம் தெறித்து மஞ்சளாக வழிகிற அளவுக்கு. வெயிலைத் தாங்குவதற்காக ஷீட்டில் சேர்க்கிற மருந்தைக் கந்தகம் கெடுத்துவிடும். பழைய பில்லைத் தேடி எடுத்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது: கந்தகம், குளோரின் பட்டால் உத்தரவாதம் கிடையாது. அத்தையின் மாத்திரைச் சீட்டை ஒரு நாளைக்கு மூன்று தடவை படிக்கிறேன். இதை ஒரு தடவை படித்திருந்தால் போதும்.

அத்தையிடம் சொல்லவில்லை.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்கிறது. இங்கே தூறலும், பள்ளத்திலிருந்து ஏறி வருகிற மேகமும்தான். ஷீட் கட்டுகிற அண்ணன் போன் செய்தார், நாளைக்கு வேண்டாம் என்று. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

டிசம்பர் 2

ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் இறங்கி வீட்டை மூடிவிட்டது, உள்ளே ஏழு பேர், அதில் குழந்தைகளும். அத்தை டிவியை அணைக்கச் சொன்னார். இன்று வேறு எதுவும் எழுத மனம் வரவில்லை.

டிசம்பர் 4

வானம் வெளுத்துவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. மேகம் இல்லாத, காற்று அசையாத ராத்திரியில்தான் உறைபனி விழும். ஷீட் போடவும் அதே மாதிரி காற்று அசையாத பகல்தான் வேண்டும். நான் காத்திருக்கிற நாளுக்காகத்தான் பனியும் காத்திருக்கிறது. நாற்று 140 இருக்கிறது, நாலு இலை விட்டு நிற்கிறது. ஒரு ராத்திரி போதும், காலையில் வேகவைத்த கீரை மாதிரி தொங்கிவிடும். பழைய சேலை, சாக்கு, அத்தையின் கிழிந்த போர்வை எல்லாவற்றையும் எடுத்து மூடிவைத்தேன்.

டிசம்பர் 5

அத்தைக்குத் தையல் பிரித்தார்கள். வாக்கரில் எட்டு அடி வைத்தார்.

டிசம்பர் 8, ஞாயிறு

போட்டாயிற்று. கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக வருகிறது.

ஏழு மணிக்கே அண்ணன் வந்துவிட்டார், கூட ஒரு தம்பி. பழையதைக் கழற்றிக் குழாயைத் துடைத்து, ஒன்பது வளைவுக்கும் ஃபோம் டேப் ஒட்டினோம். இதை நானே ஒட்டினேன், ஒரு விரலளவும் விடாமல். ஷீட்டைப் பத்தரை மணிவரை பிரிக்க விடவில்லை அண்ணன். குளிரில் இழுத்துக் கட்டினால் வெயில் ஏறியதும் தொளதொளவென்று ஆகிவிடும், பிறகு காற்று அதைப் பிடித்து அடிக்க ஆரம்பிக்கும் என்றார். சூட்டில் இழுத்தால் சாயங்காலம் குளிரக் குளிர அதுவே விறைத்துக்கொள்ளுமாம்.

உருளைக்கிழங்குதான் இன்றைக்குப் பெரிய உதவி. ஷீட்டின் ஓரத்தில் ஒரு கிழங்கை வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிறு கட்டி, கயிற்றை வளைவுக்கு மேலே அந்தப் பக்கம் எறிந்தார். இப்படி நான்கு இடத்தில். ஷீட்டில் ஓட்டை போட வேண்டியதில்லை, கயிறும் நழுவாது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் இழுத்தோம். தம்பி ஓரத்து எழுத்தைப் படித்துப் பார்த்து உள்பக்கம் வெளிப்பக்கம் சரிதான் என்று குரல் கொடுத்தான். இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாகச் சேர்த்து, ஷீட்டை அழுத்திப் பிடிக்கிற ஜிக்ஜாக் ஸ்பிரிங் கம்பி போட்டோம். பக்கவாட்டில் ஒன்றரை அடிக் குழி. ஷீட்டை உள்ளே விட்டு மண் போட்டு மிதித்துக்கொண்டே போனோம்.

வடக்குப் பக்கம் இன்னும் பன்னிரண்டு அடி பாக்கி இருந்தபோது காற்று வந்தது. ஷீட் முழுவதும் ஒரே மூச்சில் உப்பி மேலே எழும்பியது. ஓரத்தைப் பிடித்திருந்த தம்பியையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. "படுங்க! படுங்க!" என்று அண்ணன் கத்தினார். நானும் அவரும் ஷீட் ஓரத்தின்மேல் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டோம், சேற்றில், முகம் பதிய. ஐந்து நிமிஷம் இருக்கும். அப்போதுதான் கந்தகத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். "சரி, இனிமே அடிக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

டிசம்பர் 9

விடியற்காலை மூன்று மணிக்கு அத்தை எழுப்பினார். "சத்தத்தையே காணோமே, தாள் பிச்சுக்கிட்டுப் போயிருச்சா?"

போய்ப் பார்த்தேன். இருக்கிறது. கையால் தட்டினால் தவில் மாதிரி விறைப்பாக இருக்கிறது. வெளியே 2 டிகிரி, உள்ளே 4. ஒற்றை ஷீட் பெரிதாகச் சூடு கொடுத்துவிடாது, இந்த இரண்டு டிகிரி போதும் எனக்கு. உள்பக்கம் நீர் முத்து கோக்கவில்லை, செடிமேல் சொட்டவுமில்லை, ஷீட்டோடு ஒட்டி வழிந்து ஓரத்தில் இறங்குகிறது. டார்ச் வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தையிடம் போய் இருக்கிறது என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

டிசம்பர் 10

பழைய ஷீட்டில் நல்ல பாகத்தை வெட்டி விறகை மூடியாயிற்று. நொறுங்கிய சில்லுகள்தான் பாடு. பாத்தி முழுக்க நகக்கண் அளவு துண்டுகள். மண்ணில் கலந்துவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. மதியம் முழுக்க உட்கார்ந்து பொறுக்கினேன், ஒரு வாளி. நாளைக்கும் இருக்கிறது.

டிசம்பர் 12

கதவுப் பக்கம், இரண்டு இலையில் வெள்ளைப் பொட்டு.

கந்தகப் பொட்டலம் இன்னும் அலமாரியில் பாதி இருக்கிறது. எடுத்தேன், வைத்துவிட்டேன். இலையைக் கிள்ளி அடுப்பில் போட்டேன். அதற்குப் பதில் தெளிக்க மோரைப் புளிக்க வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். மழை. விளக்கு வாசலில் நிற்கவில்லை, இரண்டை எடுத்துப்போய் ஷீட்டுக்குள் நாற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தை கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார்.

டிசம்பர் 14

வடக்கு மூலையில் மண் உட்கார்ந்திருக்கிறது. மழை விட்டதும் இரண்டு கூடை போட வேண்டும். இன்னும் நான்கு இலையில் பொட்டு.